கண்ணோரத்து மஞ்சள்

எங்க வீட்டம்மாவோட கண்ணோரத்துல மஞ்சளா ஒண்ணு இருக்குன்னு நான் மொதல்ல கவனிச்சது நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளிச்சிட்டு வந்து விளக்கு ஏத்திக்கிட்டு இருந்தா. வலது கண்ணு மேல் இமையில, மூக்குப் பக்கமா, ஒரு நெல்லுமணி அளவுக்கு மஞ்சள் திட்டு. "மொகத்துல மஞ்சள சரியா கழுவு புள்ள"ன்னு சொன்னேன். முந்தானையால துடைச்சா. போகல. சனிக்கிழமையும் இருந்துச்சு, ஞாயித்துக்கிழமையும் இருந்துச்சு.

வலி இல்ல, அரிப்பு இல்ல. தொட்டா மெத்துன்னு இருக்கும். அதனால ரெண்டு பேருமே கண்டுக்கல. வெங்காயத்துல ஒரு இலை பழுத்தா மண்டியிட்டு உட்கார்ந்து பார்க்கிறவன் நான். வீட்டுல இருக்கிற ஆளோட மொகத்தை எங்க பார்க்கிறோம்? ரெண்டு வருசத்துல அது புளியங்கொட்டைப் பாதி அளவுக்கு ஆச்சு. இடது கண்ணு மேல் இமையில ஒண்ணு, கீழ் இமையில சின்னதா ஒண்ணுன்னு மொத்தம் மூணு.

ஊருல ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அது அதிர்ஷ்ட மரு, எடுக்காதன்னு ஒருத்தர். மஞ்சக்காமாலை ஆரம்பம்னு இன்னொருத்தர். சென்னையில வேலை பார்க்கிற எங்க பொண்ணு மட்டும், "அம்மா, அது கொழுப்பு. மோனலிசா படத்துலகூட கண்ணோரம் இது இருக்குன்னு சில டாக்டர்ங்க எழுதியிருக்காங்க"ன்னு சொன்னா. மோனலிசா யாருன்னு வீட்டம்மா கேக்கல. "கொழுப்பா? எனக்கா?"ன்னு சிரிச்சா.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருக்கு. அவ ஒல்லியான ஆளு. காலையில பழைய சோறு, மத்தியானம் களி இல்லன்னா சோறு. எங்க வீட்டுல கறி எடுக்கிறதே பதினஞ்சு நாளைக்கு ஒருதரம்தான். ஆனா எனக்குக் கோவம் வந்தா, "கொழுப்பு ஏறிப்போச்சு உனக்கு"ன்னுதான் திட்டுவேன். கொஞ்ச காலமா அப்படி அடிக்கடி திட்டிக்கிட்டு இருந்தேன். அதை அப்புறம் சொல்றேன்.

பொண்ணுக்கு வரன் அமைஞ்சு, தை மாசம் நிச்சயம்னு முடிவாச்சு. போட்டோ எடுப்பாங்க, சம்பந்தி வீட்டு சனமெல்லாம் வரும். "இதை எடுத்துடலாம்மா"ன்னு பொண்ணு சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. மார்கழியில டவுன்ல ஒரு தோல் கிளினிக்குக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவத்துல வெள்ளைக்காரம்மா படம். உள்ள இருந்தவர் ரெண்டு நிமிசம் பார்த்தார். லேசர்ல எடுத்துடலாம், மூணுக்கும் சேர்த்து பதினஞ்சாயிரம், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா பன்னெண்டுன்னு சொன்னார். ரத்தப் பரிசோதனை வேணுமான்னு கேட்டேன். "அதெல்லாம் தேவையில்ல, இது அழகு சம்பந்தப்பட்டது"ன்னுட்டார். அந்த நேரம் பட்டறையில போட்டிருந்த வெங்காயம் விலை போகாம கிடந்துச்சு. யோசிச்சு வர்றோம்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டோம்.

பஸ்ஸுல வரும்போதே அவ, "பன்னெண்டாயிரத்துக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கலாம்"ன்னா. அதோட நிறுத்தியிருக்கணும். எதுத்த வீட்டு அத்தாச்சி பூண்டை அரைச்சு ராத்திரி பூசிப் படுக்கச் சொன்னாங்க. பூசினா. காலையில இமை கன்னிச் சிவந்து, தோலு உரிஞ்சு நின்னா. திட்டு அப்படியே இருந்துச்சு.

அடுத்த தப்பு என்னோடது. எங்க பக்கத்துல கால்ல முள்ளு தைச்சு நின்னுட்டா எருக்கம்பால் வைப்போம். மருவுக்கும் வைப்போம். நான்தான் காட்டு ஓரத்துல எருக்கு ஒடிச்சு, கொட்டாங்குச்சியில பால் புடிச்சுக்கிட்டு வந்தேன். வெளக்குமாத்துக் குச்சியில தொட்டுத் தொட்டு வைச்சா. ரெண்டாவது கண்ணுக்கு வைக்கும்போது கை நடுங்கிச்சோ, கண்ணை இமைச்சாளோ, ஒரு சொட்டு உள்ள போயிடுச்சு. ஓடிப்போய் பைப்புல கழுவினோம். வலி பெருசா இல்லன்னு சொன்னா. வலி இல்லாததால ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்கிட்டோம். விடியக்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவ திரும்பி வந்து, "ஏங்க, இடது கண்ணுல எல்லாம் புகை மூட்டமா தெரியுதுங்க"ன்னா.

முப்பது வருசக் குடித்தனத்துல நான் பயந்த நாள்னு எண்ணினா ரெண்டு மூணுதான் வரும். அதுல அது ஒண்ணு. கண்ணு போச்சுன்னே நெனச்சேன். பொண்ணோட நிச்சயத்துக்கு அம்மாவைக் கண்ணு தெரியாம உட்கார வைக்கப் போறேன்னு நெனச்சேன். பால் கறக்காம அப்படியே விட்டுட்டு முதல் பஸ்ஸுக்கு ஓடினோம்.

கண் ஆஸ்பத்திரியில இருந்த டாக்டரம்மாவுக்கு எங்க பொண்ணைவிட அஞ்சாறு வயசு கூட இருக்கும். "எருக்கம்பாலா?"ன்னு ஒரே கேள்வியில கண்டுபிடிச்சாங்க. எருக்கம்பால் பட்டா கருவிழி வீங்கிப் பார்வை மங்கும், வலி அவ்வளவா இருக்காது, அதனாலேயே ஜனங்க தாமதமா வர்றாங்கன்னு சொன்னாங்க. நீங்க உடனே கழுவினது நல்லதாப் போச்சுன்னாங்க. சொட்டு மருந்து கொடுத்தாங்க. ரெண்டு வாரத்துல பார்வை தெளிவாயிடுச்சு. அந்த டாக்டரம்மாவுக்கு இன்னைக்கும் கை எடுத்துக் கும்புடறேன்.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. கண்ணைப் பார்த்து முடிச்சிட்டு டாக்டரம்மா மஞ்சள் திட்டைத் தொட்டுப் பார்த்தாங்க. "இதுக்குப் பேரு சாந்தலாஸ்மா"ன்னாங்க. வீட்டம்மா, "சாந்தலட்சுமியா?"ன்னு கேட்டா. டாக்டரம்மா சிரிச்சிட்டாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, "இவங்க ரொம்ப சோர்வா இருக்காங்களா? குளிர் தாங்கலன்னு சொல்வாங்களா? முடி கொட்டுதா?"ன்னு வரிசையாக் கேட்டாங்க.

நான் வாயைத் திறக்கல. ஏன்னா எல்லாமே இருந்துச்சு. ரெண்டு வருசமா களை எடுக்கப் போனா பாதியில வரப்புல உட்கார்ந்துடுவா. சித்திரை வெயில்லயும் போர்வை கேப்பா. மொகம் உப்பிப் போய், குரல் கரகரன்னு ஆயிடுச்சு. நான் அதுக்கெல்லாம் வெச்ச பேருதான் கொழுப்பு. "வேலை செய்ய உடம்பு வணங்கல, கொழுப்பு ஏறிப்போச்சு"ன்னு, கூலிக்கு வந்த ஆளுங்க முன்னாடியே ஒரு நாள் சொல்லியிருக்கேன். அவ பதில் பேசாம எந்திரிச்சுப் போய் களைக்கொட்டை எடுத்தா.

திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாங்க. வெறும் வயித்துல ரத்தம் எடுத்தாங்க. மொத்தக் கொழுப்பு 312. கெட்ட கொழுப்பு, எல்டிஎல்னு சொல்றது, 228. தைராய்டு பார்க்கிற டிஎஸ்ஹெச்னு ஒண்ணு, அஞ்சுக்குள்ள இருக்கணுமாம், இவளுக்கு 68. தைராய்டு சுரப்பி கிட்டத்தட்ட வேலை நிறுத்தம் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கு. அது சரியா சுரக்கலன்னா கல்லீரல் கெட்ட கொழுப்பை ரத்தத்துல இருந்து வாரி எடுக்கிற வேலையும் மந்தமாயிடும். கறி திங்காத ஆளுக்கும், ஒல்லியான ஆளுக்கும் கொழுப்பு ஏறுறது இப்படித்தான். அந்தக் கொழுப்பை முழுங்கின வெள்ளை அணுக்கள் இமைத் தோலுக்கு அடியில போய்த் தங்கிடுது. வெளிய தெரியிறதுதான் மஞ்சள் திட்டு.

ரிப்போர்ட்டை வாசிச்சுக் காட்டினப்ப அவ சொன்னா: "நீங்க சொன்னது சரியாத்தானே இருக்கு. கொழுப்பு ஏறிப்போச்சு." அவ சிரிச்சிக்கிட்டேதான் சொன்னா. எனக்குத்தான் அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல.

திட்டை எடுக்கிறதைப் பத்தி அப்ப யாரும் பேசல. முதல்ல தைராய்டு. மாத்திரையைச் சின்ன அளவுல ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி 100 மைக்ரோகிராம்ல நிறுத்தினாங்க. கொழுப்புக்கு உடனே மாத்திரை கொடுக்கல. தைராய்டு சரியாகாத உடம்புல கொழுப்பு மாத்திரை போட்டா தசை வலி வர வாய்ப்பு அதிகம், தைராய்டு சரியானாலே கொழுப்பு பாதி எறங்கிடும், அப்புறம் பார்த்துக்கலாம்னு சொன்னாங்க. ஈசிஜி எடுத்தாங்க, சர்க்கரை, பிரஷர் பார்த்தாங்க. அதெல்லாம் நல்லா இருந்துச்சு.

அந்த மாத்திரையில எங்களுக்கு வந்த பெரிய கஷ்டம் டீதான். வெறும் வயித்துல தண்ணியில முழுங்கணும், அரைமணியில இருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் டீ, காபி, பால் எதுவும் கூடாது. நாலரை மணிக்குப் பால் கறந்து முடிச்சதும் மொத வேலையா டீ குடிச்சுப் பழகின வீடு இது. இப்ப எந்திரிச்சதும் மாத்திரை, அப்புறம் மாடு, சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு வந்துதான் டீ. அவ குடிக்கலன்னா நானும் குடிக்கிறதில்ல. சமையலுக்கு ரேசன் பாமாயிலை நிறுத்திட்டு, நம்ம கடலையை ஆட்டிக் கொஞ்சமாச் சேர்க்கிறோம். பஜ்ஜி, வடை சந்தை நாளைக்கு மட்டும்.

நிச்சயத்துக்கும், வைகாசியில கல்யாணத்துக்கும் அந்த மூணு திட்டோடதான் அவ நின்னா. போட்டோவுல தெரியுது. சம்பந்தி வீட்டுல ஒருத்தரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

ஆடியில திரும்ப ரத்தம் பார்த்தோம். டிஎஸ்ஹெச் 4.1. மொத்தக் கொழுப்பு 214, எல்டிஎல் 138. குரல் பழையபடி வந்துடுச்சு. களைக்கு முன் வரிசையில போறா, நான்தான் பின்னாடி வர்றேன். ஆனா திட்டு? ஒரு நூல்கூடக் குறையல. ரத்தத்துல கொழுப்பு எறங்கினாலும் தோல்ல படிஞ்சது தானா கரைஞ்சு போறது அபூர்வம்னு தோல் டாக்டர் சொன்னார். அதுக்கு அப்புறம்தான் எடுக்கலாமா, எப்படி எடுக்கலாம்ங்கிற பேச்சு. அவர் பொறுமையா உட்கார வெச்சு ஒவ்வொண்ணா சொன்னார். எனக்குப் புரிஞ்சபடி எழுதறேன்.

ஒண்ணு, கத்தி. மரத்துப்போக ஊசி போட்டு, திட்டை அறுத்து எடுத்துத் தையல் போடறது. பெருசா, தடிப்பா, ஆழமா இருந்தா இதுதான் நல்லது. ஒரே தடவையில முடியும். ஒரு வாரத்துக்குள்ள தையல் பிரிச்சிடலாம். ஆனா இமைத் தோலு உடம்புலயே ரொம்ப மெல்லிசு, மிச்சமும் இருக்காது. கூடுதலா எடுத்துட்டா கீழ் இமை வெளிப்பக்கம் இழுத்துக்கும், கண்ணு சரியா மூடாது. அதுக்குக் கை தேர்ந்த ஆளு வேணும்.

ரெண்டு, ஆசிட். டிசிஏன்னு சொல்றாங்க. டாக்டர் குச்சியில தொட்டு திட்டு மேல மட்டும் வைப்பார். தோலு வெள்ளையாகும், அப்புறம் கறுத்துப் பொருக்கு கட்டி, ஒரு வாரம் பத்து நாள்ல உதிரும். ஊசி இல்ல, தையல் இல்ல, செலவு குறைவு. ஆனா ரெண்டு மூணு தடவை போகணும். தடிப்பான திட்டுக்கு அவ்வளவா எடுபடாது. நம்ம மாநிறத்துக்கு அந்த இடம் கறுத்தோ வெளுத்தோ தடம் நிக்கலாம். இதைக் கேட்டதும் வீட்டம்மா என்னைப் பார்த்தா. எருக்கம்பாலும் இதே வேலைதானேன்னு அவ பார்வை. டாக்டருக்கும் புரிஞ்சிடுச்சு. "அளவு தெரிஞ்ச மருந்து வேற, செடியில ஒடிச்ச பால் வேற. நாங்க கண்ணைச் சுத்தி வாசலின் தடவிப் பாதுகாத்துத்தான் வைப்போம்"னார்.

மூணு, லேசர். கார்பன் டை ஆக்சைடு லேசர், எர்பியம் லேசர்னு வகை இருக்கு. கண்ணுக்கு மறைப்பு போட்டுட்டு, திட்டை அடுக்கடுக்கா ஆவியாக்கறது. ரத்தம் அதிகம் வராது, சுத்தமா இருக்கும். செலவு கூட. இதுலயும் கறுப்புத் தோலுக்கு நிறம் மாறும் வாய்ப்பு இருக்கு. லேசர்னா தடமே இருக்காதுங்கிறது விளம்பரம்தான்னார்.

நாலு, ரேடியோ அலை மெஷின். ஆர்எஃப்னு சொல்றாங்க. மரத்துப்போக வெச்சு, மெல்லிசு ஊசி முனையால திட்டைச் சுட்டு எடுக்கறது. லேசர் மாதிரி வேலை, செலவு அதைவிடக் குறைவு. ஆழமாச் சுட்டுட்டா தழும்பு.

அஞ்சு, உறைய வைக்கிறது. திரவ நைட்ரஜன். இதைச் சொன்னதும் எனக்கு சந்தோசம். நம்ம ஊருல மாட்டுக்கு சினை ஊசி போட வர்றவர் கேனைத் திறந்தா குபுகுபுன்னு புகை வருமே, அதேதான். மைனஸ் 196 டிகிரி. ஆனா இமையில வைச்சா நல்லா வீங்கும், நம்ம நிறத்துக்கு வெள்ளைத் தழும்பு விழலாம், அதனால இந்த இடத்துக்கு நான் விரும்பறதில்லன்னார்.

"எதுல எடுத்தா திரும்ப வராதுங்க?"ன்னு கேட்டேன். எதுலயும் அப்படி உத்தரவாதம் இல்லன்னார். கத்தியில அறுத்து எடுத்தவங்கள்லயே நூத்துக்கு நாப்பது பேருக்குத் திரும்ப வந்ததா 1976-ல வந்த ஒரு ஆய்வு சொல்லுதாம். எனக்குக் கோரைதான் ஞாபகம் வந்துச்சு. மேல எத்தனை தடவை வெட்டினாலும் அடியில கிழங்கு இருந்தா முளைக்கும். கொழுப்பைக் கட்டுக்குள்ள வைக்காம திட்டை மட்டும் எடுக்கிறது, கிழங்கை விட்டுட்டுக் கோரையை அறுக்கிற மாதிரி. கிழங்கைப் பொறுக்கினாலும் சில காட்டுல வரத்தான் செய்யும். அது வேற விசயம்.

பொண்ணு லேசர்ன்னா, காசு நான் தர்றேன்னா. மாப்பிள்ளையும் சொன்னார். நான் ஒண்ணும் சொல்லல. இந்த விசயத்துல நான் சொன்னது போதும்னு இருந்துச்சு. வீட்டம்மா டாக்டரையே கேட்டா: "எனக்கு இருக்கிறது மெல்லிசா, தடிப்பாங்க?" மெல்லிசுதாம்மான்னார். "அப்ப ஆசிட்டே வைங்க. ஊசி வேணாம்." அவளே முடிவு பண்ணிட்டா.

ஆடியில ஒண்ணு, ஆவணியில ஒண்ணு, புரட்டாசியில ஒண்ணு. மூணு தடவை. வைக்கும்போது மிளகாய் பட்ட மாதிரி சில நிமிசம் எரிஞ்சுச்சாம். பொருக்கைக் கிள்ளக்கூடாது, வெயில் படக்கூடாதுன்னாங்க. வெயில் படாம விவசாயம் எப்படிப் பண்றது? மத்தியான வேலையை நான் எடுத்துக்கிட்டேன். தலையில துண்டைப் போட்டு கண்ணுவரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு சாயங்காலம் மட்டும் வருவா. இடது கண்ணுல இருந்த ரெண்டும் போயிடுச்சு. வலது கண்ணுல பெருசா இருந்த இடத்துல வெளுத்த தடம் ஒண்ணு இருக்கு. பக்கத்துல வந்து பார்த்தாத்தான் தெரியும்.

இதைப் படிக்கிற டவுன்காரங்களுக்கு நான் சொல்ல நினைக்கிறது ஒண்ணுதான். கண்ணோரம் மஞ்சளா வந்தா எதுல எடுக்கலாம்னு தேடறதுக்கு முன்னாடி ரத்தம் கொடுத்துப் பாருங்க. கொழுப்பு, தைராய்டு, சர்க்கரை எல்லாம். இந்தத் திட்டு வர்றவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தத்துல கொழுப்பு சரியாத்தான் இருக்குமாம். அப்படி இருந்தாலும் இதயத்தை ஒரு தடவை பார்த்துக்கறது நல்லது. டென்மார்க்ல கோபன்ஹேகன் நகரத்துல 12,745 பேரை 1976-ல தொடங்கி 2009 வரைக்கும் கவனிச்சுப் பார்த்திருக்காங்க. கண்ணோரம் மஞ்சள் திட்டு இருந்தவங்களுக்கு, கொழுப்பு அளவு எப்படி இருந்தாலும், மாரடைப்பு கூடுதலா வந்திருக்கு. பொண்ணு படிச்சுச் சொன்னது இது. கண்ணாடிக் கதவு கிளினிக்ல அன்னைக்கு அட்வான்ஸ் கட்டியிருந்தா திட்டு போயிருக்கும். 68 உள்ளயே இருந்திருக்கும். நானும் திட்டிக்கிட்டே இருந்திருப்பேன்.

டாக்டர் சொன்னாரேன்னு நானும் ரத்தம் கொடுத்தேன். என் கண்ணுல ஒரு திட்டும் இல்ல. மொத்தக் கொழுப்பு 248. ரிப்போர்ட்டை வாங்கி வீட்டம்மாகிட்ட நீட்டினேன். நம்பரை மட்டும் வாசிக்கத் தெரியும் அவளுக்கு.

"யாருக்குங்க இப்ப கொழுப்பு?"ன்னா.

போன மாசம் இடது கண்ணு மேல் இமையில, பழைய இடத்துக்குப் பக்கத்துல, கடுகு அளவுக்கு ஒண்ணு திரும்ப வந்திருக்கு. நான்தான் மொதல்ல பார்த்தேன். இந்தத் தடவை மஞ்சள் கழுவுன்னு சொல்லல. டாக்டர்கிட்ட போலாமான்னு கேட்டேன். வெங்காயம் நட்டு முடியட்டும், ரத்தம் பார்க்கிற தேதி வரும்போது காட்டிக்கலாம்னு சொல்லிட்டா. தேதியைக் காலண்டர்ல எழுதி வெச்சிருக்கேன்.